கடற்செலவும் கைச்செலவும்

தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கைப்பொருளைக் கொடுத்தல் என்பது இன்று வழங்கும் பொருள். வழிக்கொண்டு செல்லுதல் என்பது பண்டைப் பொருள். பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் கலக்கம் கண்டு போகாது தங்கிவிடுவதனை அகத்துறை வகுத்தோர் ‘செலவழுங்குதல்’ என்றனர். பயணம் என்றால் பணம் கரையும் என்பதை நம் மொழி ஒரே சொல்லில் கட்டி வைத்தது போலும்! அக்காலத் தலைவன் அன்பினால் செலவழுங்கினான். இக்காலத்து நடுத்தரக் குடும்பத் தலைவனோ பெரும்பாலும் பொருளின்மையால் செலவழுங்குகின்றான்.

சென்ற பொங்கல் நாளில் போவன்பள்ளித் தமிழன்பர் சிலர் ஓரிடத்தில் கூடியிருந்தோம். பேச்சு உல்லாசக் கப்பலைப் பற்றித் திரும்பிற்று. “குடும்பத்தோடு மூன்று நாள் கடலில் சென்றுவர எவ்வளவு ஆகும்?” என்று ஓர் இளைஞர் கேட்டார். தவணைக் கடன் வாங்கிச் செல்லலாம் என்றார் ஒருவர். “கடல் செல்வர் வீட்டுத் திண்ணை, நாம் கரையில் நின்று பார்க்கலாம்” என்றார் மற்றொருவர். மூலையில் இருந்த முதியவர் ஒருவர் நெடுநேரம் வாய் திறவாதிருந்து, பின்னர் மெல்லச் சொன்னார்: “தம்பி, நான் சிறுபிள்ளையாய் இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு வாரம் கப்பலில் வந்தேன். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோம். ‘டெக்’ பயணிகள் என்று சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டாருக்கு வெட்கம். ஆகையால் இதுநாள்வரை நானும் யாரிடமும் சொன்னதில்லை.”

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. குறைந்த கட்டணத்தில் கடல் கடந்ததற்கு ஒருவர் ஏன் நாண வேண்டும்? அக்கட்டணம் குறைந்தது எவ்வாறு? குறைந்த தொகையின் மிச்சத்தை யார் கொடுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடியதன் பயனே இச்சிறு கட்டுரை.

உல்லாசம் கடலேறிய கதை

போவன்பள்ளியில் கடல் இல்லை. மசூலிப்பட்டினக் கரைக்கு இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லல் வேண்டும். கோல்கொண்டா அரசர் காலத்தில் அப்பட்டினமே இந்நாட்டின் தலைமைத் துறைமுகமாய் விளங்கிற்று. 1806இல் சிக்கந்தர் ஜா பெயரால் சிக்கந்திராபாத் அமைந்தபின், சென்னைப் படையோடும் அப்படையைச் சார்ந்த தொழில்களோடும் தமிழ்க் குடிகள் பல இங்கு வந்து தங்கின. அவர்கள் நிலவழியே வந்தவர்கள். ஆதலின் நம் பிள்ளைகள் அறிந்த ‘கடல்’ ஹுசேன் சாகரே. அவர்கள் அறிந்த கப்பல், புத்தர் சிலைக்குச் சென்று திரும்பும் படகே. கடற்பயணம் என்றவுடன் நமக்குத் திரைப்படத்தில் கண்ட மாளிகைக் கப்பல் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

அம்மாளிகைக் கப்பலின் வரலாறு மிகப் பழையதன்று. 1844இல் பி அண்டு ஓ என்னும் ஆங்கிலக் கப்பற் கும்பினி, மத்தியதரைக் கடலைச் சுற்றிக் கெய்ரோ வரை சென்றுவருமாறு தாக்கரே என்னும் நாவலாசிரியருக்கு இலவசச் சீட்டுக் கொடுத்தது. அவர் திரும்பி வந்து 1846இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். கும்பினிக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் வேண்டுமோ? ஒரு சீட்டின் விலையில் அது ஓர் எழுத்தாளரின் பேனாவைப் பெற்றது. இலவசம் என்னும் சொல் இக்கட்டுரையில் மேலும் வரும். அன்பர்கள் நினைவிற் கொள்க.

பின்னர் 1891இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்–அமெரிக்கா கும்பினியில் பொறுப்பு வகித்த ஆல்பர்ட் பாலின் என்பார் ஒரு புதுவழி கண்டார். அட்லாண்டிக் கடலைப் பனிக்காலத்தில் கடப்பவர் சிலரே. ஆதலால் கும்பினியின் பெருங்கப்பல்கள் அப்பருவத்தில் வேலையின்றி நின்றன. நிற்கும் கப்பலுக்கும் மாலுமிகளுக்குச் சம்பளம் உண்டு. துறைமுகக் கூலி உண்டு. அவற்றுள் ஒன்றாகிய ‘அவுகுஸ்தா விக்டோரியா’வை 241 பயணிகளோடு, வெயில் காயும் மத்தியதரைக் கடலுக்கு அந்த ஜனவரி மாதத்தில் அனுப்பினார். ஓரிடம் சேர்வதற்காக அன்றி, கடலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறும் வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று. சும்மா நிற்கும் கப்பலை நிரப்ப எழுந்ததே இத்தொழில் என்பதை அறிந்தவன், கூட்டம் குறைந்த பருவத்தில் கட்டணம் ஏன் தாழ்கிறது என்பதையும் அறிவான்.

1958க்குப் பின் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைச் சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கவே, பயணிக் கப்பல்கள் பல தொழில் இழந்தன. 1972இல் அமெரிக்காவின் கார்னிவல் கும்பினி, அவ்வாறு பழந்தொழில் போன கப்பல் ஒன்றை வாங்கி, ‘மார்டி கிரா’ எனப் பெயரிட்டு, மயாமியிலிருந்து உல்லாசப் பயணம் தொடங்கிற்று. முதற் பயணத்திலேயே கப்பல் மணற்றிட்டில் ஏறி நின்றது! எனினும், நடுத்தரக் குடும்பத்தாரை நோக்கிக் கட்டணம் வைத்த அக்கும்பினி பிழைத்து, உலகின் மிகப்பெரிய உல்லாசக் கப்பற் கும்பினிகளுள் ஒன்றாயிற்று. 2022 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் இத்தகைய உல்லாசக் கப்பற் பயணம் ஒன்றைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார்.

எட்டணாவும் குடையும்

மேலைநாட்டார் இன்பம் தேடிக் கப்பல் ஏறினர். தமிழர் கப்பல் ஏறியதோ பெரும்பாலும் வாழ்வு தேடி. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் முதலாம் இராசராசன் காலத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்தான். 1025இல் இராசேந்திரன் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்தினான். அரசர் கப்பலுக்குச் சீட்டு இல்லை. ஆதலின் கட்டணக் கணக்கும் இல்லை. ஏழை எளியவர் கட்டணம் கொடுத்துக் கடல் கடந்த கதை, நீராவிக் கப்பல் வந்தபின் தொடங்குகிறது. அக்கதையின் மிகச் சிறந்த பகுதி தூத்துக்குடியில் நிகழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கும்பினி ஆதிக்கம் செலுத்தி வந்தது. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கும்பினியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய், பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய், பங்குகள் நாற்பதினாயிரம். மதுரையில் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் இக்கும்பினியின் தலைவர். தமிழ்ச் சங்கம் நிறுவியவரே தமிழர் கப்பலுக்கும் தலைமை தாங்கினார் என்பது, சங்கம் வைத்து வாழும் நம்மனோர் பெருமையோடு நினைக்கத்தக்கது. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகர் எண்ணாயிரம் பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். இருபத்தைந்து ரூபாய் கொடுக்கக்கூடிய எளியவரும் பங்காளர் ஆகலாம்.

முதலில் கும்பினிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக் கப்பலே ஓடிற்று. எதிராளிகளின் நெருக்குதலால் அவ்வாடகைக் கப்பலும் கைவிட்டுப் போயிற்று. சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்றார்; கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாய்வேன் என்று சூளுரைத்தார் என்பர். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் கும்பினிக்குச் சொந்தமாயின.

அதன்பின் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு நேராவது. வெள்ளையர் கும்பினி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கும்பினி எட்டணா என்றது. வெள்ளையர் கும்பினியோ கட்டணமே வேண்டா என்றது. அதன்மேல் ஏறுபவர்க்கு ஒரு குடையும் இலவசம் என்றது. இவ்வாறு வரலாற்றாசிரியர் பலர் எழுதுகின்றனர். உலகில் கடற்பயணம் இதைவிட மலிந்த நாள் உண்டோ? காசும் வேண்டா, குடையும் கிடைக்கும்!

எண்ணிப் பாருங்கள். அன்று தூத்துக்குடித் துறையில் நின்ற கூலியாளின் மடியில் எட்டணாவே இருந்திருக்கும். ஒருபுறம் இலவசமும் குடையும். மறுபுறம் எட்டணாவும் தன்மானமும். எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களும் இருந்தனர். குடையை நாடியவர்களும் இருந்தனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. வறியவனுக்கு எட்டணா ஒரு நாள் அடுப்பு. ஆயினும் கணக்கைத் தீர்க்கும் நாள் வந்தது. 1908 மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். சிதம்பரனார்க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். 1911இல் கும்பினி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விலை போயின. 1912இல் அவர் விடுதலையாகி வெளிவந்தபோது கும்பினியும் இல்லை, கப்பலும் இல்லை.

போட்டி மடிந்தபின் இலவசக் குடைக்கு என்ன தேவை? இலவசப் பயணம் பயணியின்பால் கொண்ட அன்பினால் வந்ததன்று. மற்றொரு கப்பலைக் கவிழ்க்க வந்தது. குடையின் விலையைச் சிதம்பரனார் சிறையில் கொடுத்தார்.

மற்றோர் இலவசச் சீட்டு

அதே காலத்தில் நாகப்பட்டினத் துறையில் வேறோர் இலவசம் நடந்துகொண்டிருந்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1907இல் அங்கே தமிழர் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலை செய்வோர் தொகைக்கேற்ப அந்நிதிக்குப் பணம் கட்டினர். அதிலிருந்து தொழிலாளரின் கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்தார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கிக் கப்பல் ஏறினர்.

முன்னிருந்த ஒப்பந்தக் கூலி முறையினும் இது மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. அம்முறை மலேயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலியின் கப்பற் செலவு அவன் தலைமேல் கடனாக ஏறியது. நிதியின் காலத்தில் அக்கடன் நீங்கிற்று. எனினும் முதலாளி தொழிலாளிக்குக் கொடுத்த பரிசன்று இது. ஆள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே கப்பலும் மலிவாக ஆக்கப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்த 1930ஆம் ஆண்டையொட்டிய மந்த காலத்தில், ஆயிரக்கணக்கானோர் அதே கப்பல்களில் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

இராமேசுவரத்துப் பக்கம் நோக்கினால், 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை இரயிலில் சென்று, அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறு நீராவிக் கப்பலில் ஏறி, மீண்டும் இரயிலில் கொழும்பு சேரலாயினர். ‘போட் மெயில்’ என்று பெயர் பெற்ற அவ்வழியில் கடற்பகுதி ஏறத்தாழ இருபது மைல்களே. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. 1980களில் இலங்கைப் போர்ச்சூழலால் அதுவும் நின்றது.

பாய் விரித்த தளம்

இனி, நம் முதியவர் வந்த தளத்தைப் பார்ப்போம். டெக் சீட்டு என்பது அறைக்கு உரிய சீட்டன்று. இடத்துக்கு உரிய சீட்டு. கப்பலின் தளத்தில் குடும்பம் ஒன்று பாய் விரிக்குமளவு இடம் பிடித்துக்கொள்ளும். பெட்டியை எல்லையாக வைப்பர். வெயிலுக்கு மேலே கித்தான் கட்டியிருக்கும். சோறு வாங்கத் தட்டேந்தி வரிசையில் நிற்பர். ஊறுகாயும் பொரிவிளங்காயும் வீட்டிலிருந்து வரும். கடல் பொங்கினால் எல்லாரும் ஒருசேர வாந்தி எடுப்பர். மறைப்பு இல்லை, தனிமை இல்லை.

காந்தியடிகள் 1915இல் கல்கத்தாவிலிருந்து இரங்கூனுக்கு டெக் பயணியாகவே சென்றார். குளியலறையும் கழிப்பிடமும் சகிக்க முடியாதவாறு அழுக்குற்றிருந்ததையும், கப்பல் அதிகாரியிடம் முறையிட்டும் பயனில்லாமற் போனதையும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். கட்டணம் குறைவு என்பதால் மனிதனைக் குறைவாக நடத்தலாம் என்று கும்பினிகள் எண்ணின. இழிவு அக்கழிப்பிடத்தை வைத்தவனுடையது. அதனைப் பயன்படுத்த நேர்ந்தவனுடையதன்று. நம் முதியவர் வீட்டாரின் வெட்கம் தவறான வாயிலில் வந்து நின்ற வெட்கம்.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம், சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்த கப்பல்களுள் தமிழர் நெஞ்சில் நிலைத்தது ‘ரஜூலா’. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. எட்டாயிரத்து நானூறு டன்னுக்கு மேற்பட்டது. சுதேசிக் கப்பலோடு போட்டியிட்ட அதே பிரிட்டிஷ் இந்தியா கும்பினிக்கு உரியது. புதிதாயிருந்தபோது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அறைவாசிகளோ இருநூறு பேரும் இல்லை! இக்கணக்கைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கப்பலின் பெயரும் பெருமையும் அறைவாசிகளைச் சூழ்ந்திருந்தன. அதன் வருவாயைத் தாங்கியதில் பெரும்பங்கு பாய் விரித்துப் படுத்தவர்களுடையது.

இரண்டாம் உலகப் போரில் ரஜூலா படைப்பணியில் ஈடுபட்டது. அதனோடு ஒத்த அமைப்புடைய ‘ரோனா’வும் அதே ஆண்டில் கட்டப்பட்டு அதே வழியில் ஓடியது. 1943 நவம்பர் 26ஆம் நாள் அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மானியரின் வானூர்தி எறிந்த குண்டினால் ரோனா மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர் அதில் மாண்டனர். நாகப்பட்டினத்துத் தாய்மார் பிள்ளைகளைத் தூங்க வைத்த தளங்களில் ஒன்று அவ்வாறு கடலடியில் கிடக்கிறது.

ரஜூலா பிழைத்து வந்து, மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. 1973இல் இந்தியக் கப்பற் கழகம் அதனை வாங்கி ‘ரங்கத்’ எனப் பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே அது உடைக்கப்பட்டது. அவ்வழியில் பின்னர் ஓடியது ‘சிதம்பரம்’. 1966இல் பிரான்சில் ‘பாஸ்தர்’ என்னும் பெயரோடு உலவத் தொடங்கிய கப்பல் அது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு அடுக்குப் படுக்கைகள் அமைத்து அதனை மாற்றினர். பாய் போய்ப் படுக்கை வந்தது. எளியவன் தரையிலிருந்து ஓரடி உயர்ந்தான். சிதம்பரம் என்னும் பெயர் கேட்ட தமிழர், தூத்துக்குடிச் சிதம்பரனாரை நினையாதிருத்தல் அரிதன்றோ? 1985 பிப்ரவரி 12ஆம் நாள், சென்னை நோக்கி வருகையில் அக்கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அது மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. விமானக் கட்டணமும் எட்டும் அளவுக்கு வந்துவிட்டது. வங்கக் கடலின் டெக் பயணம் அத்துடன் முடிந்தது.

துன்பம் மட்டுமா அத்தளத்தில் இருந்தது? நம் முதியவரை நான் பின்னர் தனித்துக் கேட்டேன். “இரவில் விண்மீன் பார்த்துக் கொண்டே தூங்குவோம். அறையில் இருந்தவர்களுக்கு அது கிடையாது” என்றார். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் சொன்ன கதைகளை இன்றும் மறக்கவில்லை என்றார். கடற்பயணம் தரும் செல்வம் ஓய்வு. ஏ. கே. செட்டியார் 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருந்தபோதுதான், காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு உதித்தது. 1940இல் அப்படம் வெளிவந்தது. செய்வதற்கு ஒன்றுமின்றிக் கடலை நோக்கியிருந்த நேரத்தின் விளைவு அது. அந்நேரத்தை எக்கும்பினியும் அறைவாசிக்கு மிகுதியாகவும் டெக் பயணிக்குக் குறைவாகவும் அளந்து கொடுக்க இயலாது.

இன்று நமக்கு எட்டுவன

வரலாறு கற்றது பயன்பட வேண்டுமாயின், பொங்கல் நாளில் கேட்ட இளைஞர்க்கு விடை சொல்லல் வேண்டும். கடன் வாங்காமல், நாணாமல், கடல் காண வழி உண்டா? உண்டு.

முதலாவது, அந்தமான் கப்பல். சென்னையிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் போர்ட் பிளேருக்கு அரசு ஏற்பாட்டில் பயணிக் கப்பல்கள் நெடுங்காலமாகச் செல்கின்றன. 2024இல் அவ்வூர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கடலில் ஏறத்தாழ இரண்டரை நாள் முதல் மூன்று நாள் ஆகும். வரிசைப் படுக்கை வகுப்பே மிகக் குறைந்த கட்டணமுடையது. ரஜூலாவின் தளத்துக்கு இன்றைய வாரிசு அதுவே. சிக்கந்திராபாத்தில் மாலையில் இரயிலேறினால் காலையில் விசாகப்பட்டினம். ஆயினும் ஒன்று நினைவிற் கொள்க. இக்கப்பல் தீவில் வாழ்வோர்க்கு ஊர்ப்பேருந்து போன்றது, நாள்கள் முன்னரே உறுதியாய்த் தெரியமாட்டா, வானிலையால் மாறும். ஆதலின் விடுமுறையைச் சற்று நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும் நாளில் திருமணம் எதையும் வைத்துக்கொள்ளலாகாது. தட்டும் குவளையும் விரிப்பும் கொண்டு செல்வது நன்று.

இரண்டாவது, நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல். 2023 அக்டோபர் 14ஆம் நாள் இது தொடங்கப்பட்டது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடல். தாம் செல்லும் பருவத்தில் சேவை உண்டா என்று முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது. கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் வேண்டும்.

மூன்றாவது, நம் வாயிலிலேயே இருப்பது. 1955 டிசம்பர் 10ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டிய நாகார்ச்சுன சாகரம் இங்கிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். இக்குவாகு மன்னர் தலைநகர் நீரில் மூழ்குமுன் அகழ்ந்தெடுத்த புத்த சமயச் சின்னங்களை, நீர் நடுவே தீவாக நின்ற நாகார்ச்சுனகொண்டா மலைமேல் கொண்டு வைத்தனர். அங்குப் படகில் சென்று வரலாம். கிருஷ்ணையில் நீர் நிறைந்த காலத்தில், சாகரத்திலிருந்து ஸ்ரீசைலம் வரை ஏறத்தாழ நூற்றுப்பத்துக் கிலோமீட்டர் தூரம், நல்லமலைக் காடுகளினூடே, தெலங்கானாச் சுற்றுலாத் துறையின் படகு பகல் முழுதும் செல்லும். கடலன்று; எனினும் பேரலை கண்டு அஞ்சும் குழந்தைக்கும் பாட்டிக்கும் ஏற்ற முதற்பாடம்.

நான்காவதாக, உல்லாசக் கப்பலிலேயே செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். சீட்டில் அச்சிட்ட தொகை பாதி விலையே என்று கொள்க. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்க்கு அன்பளிப்பு, குளிர்பானம், கரையில் இறங்கிச் சுற்றும் வண்டி, இணையம், இங்கிருந்து துறைமுகம் செல்லும் இரயில், ஓர் இரவு விடுதி ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கூட்டிய பின்னரே முடிவு செய்க. சாளரம் இல்லாத உள்ளறையே மலிவு. உணவுக் கூடமும் மேல்தளமும் பொதுவாக எல்லார்க்கும் ஒன்றே. பகலில் எவரும் அறைக்குள் இருக்கப் போவதில்லை. பள்ளி விடுமுறையைத் தவிர்த்தால் கட்டணம் இறங்கும். காரணத்தை 1891இலேயே பாலின் காட்டிவிட்டார். ஈராண்டு முன்னரே மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து வருக. கடன் வாங்கிக் கண்ட கடல், தவணை முடியும் வரை நெஞ்சில் இரையும். ‘துணைவர் சீட்டு இலவசம்’ என்னும் விளம்பரம் கண்டால், தூத்துக்குடிக் குடையை நினைத்துக்கொண்டு, அதன் விலை எங்கே மறைந்திருக்கிறது என்று தேடுக. வேறெங்கும் இல்லாவிடின், முதற் சீட்டின் விலையிலேயே அது இருக்கும்.

முடிவாக

குறைந்த கட்டணம் இழிவன்று. சிதம்பரனாரின் எட்டணாவும் குறைந்த கட்டணமே. வெள்ளையர் கும்பினியின் இலவசமும் குறைந்த கட்டணமே. முன்னது எளியவனைப் பங்காளனாகக் கருதிற்று. பின்னது அவனைப் பகடைக்காயாகக் கருதிற்று. சிக்கனமாகப் பயணம் செய்வோன் காண வேண்டிய வேறுபாடு இதுவே. குறைவு எதனால் வந்தது, அதனை யார் தாங்குகிறார், பயணியை அது மனிதனாக நடத்துகிறதா என்று மூன்று கேள்வி கேட்டால், செலவு என்னும் சொல்லின் இருபொருளும் ஒன்றோடொன்று பகையின்றி நிற்கும்.

வரும் மழைக்காலம் கழிந்து கிருஷ்ணையில் நீர் நிறைந்ததும், நம் அன்பர் சிலர் குடும்பத்தோடு நாகார்ச்சுனகொண்டா செல்லக் கருதியுள்ளோம். அவரவர் சோறு அவரவர் கட்டிக்கொண்டு வருவது. புளியோதரை மட்டும் பொது. அம்முதியவரையும் உடன் வருமாறு அழைத்தேன். “படகில் நாற்காலி இருக்குமா?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். சிறிது எண்ணி, “இருந்தாலும் ஒரு பாய் எடுத்து வருகிறேன்” என்றார். ரஜூலாவில் வந்த கதையை அன்று எல்லார் முன்னும் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்.